நிலத்தின் தகுதி

நுழையும்முன்

ஒரே ஊரில் ஒரு வயலில் நெல் செழிக்கிறது. அடுத்த வயலில் அதே விதை சோர்ந்து நிற்கிறது. உழவர் தம் பட்டறிவால் இதன் காரணத்தை அறிந்திருந்தனர். மண், நீர், சரிவு, மழை ஆகியவற்றை ஒருங்கே நோக்கி, எந்த நிலம் எந்தத் தானியத்திற்கு ஏற்றது என மதிப்பிடும் கலை இன்று கணினி வரைபடங்களின் துணையுடன் அறிவியலாக வளர்ந்துள்ளது. ஏரிகள் நிறைந்த காஞ்சி மண்ணை முன்வைத்து அவ்வறிவியலின் திறனையும் எல்லையையும் இக்கட்டுரை விளக்குகிறது.

பசித்த காஞ்சி

மழை பொய்த்து வளம் குன்றிய காஞ்சி மாநகருக்கு மணிமேகலை அமுதசுரபியுடன் சென்று, பசித்தோர்க்கு உணவளித்ததைச் சீத்தலைச் சாத்தனாரின் காப்பியம் கூறுகிறது. அள்ள அள்ளக் குறையாத கலம் காப்பியத்தில் மட்டுமே உண்டு. மெய்யான காஞ்சி மக்களோ நிலத்தையும் நீரையும் நம்பியே பசியை வென்றனர். எந்த நிலத்தில் எதை விதைப்பது என்னும் முடிவு தவறினால், விதையும் உழைப்பும் நீரும் ஒருசேர வீணாகும். எனவே, நிலத்தின் தகுதியை அறிதல் உழவின் முதற்பணி ஆயிற்று.

இவ்வறிவு தமிழர்க்குப் புதியதன்று. நிலத்தை ஐந்திணைகளாகப் பகுத்த சங்கச் சான்றோர், ஒவ்வொரு திணைக்கும் உரிய உணவையும் கருப்பொருளாக வகுத்தனர். குறிஞ்சிக்குத் தினையும் மலைநெல்லும், முல்லைக்கு வரகும் சாமையும், மருதத்திற்குச் செந்நெல்லும் வெண்ணெல்லும் உரியனவாயின. நிலத்தின் இயல்பே பயிரைத் தீர்மானிக்கிறது என்னும் தெளிவு இப்பகுப்பில் உள்ளது. மென்புலம், வன்புலம் என்றும் நன்செய், புன்செய் என்றும் வழங்கும் சொற்களும் அத்தெளிவின் தொடர்ச்சியே ஆகும்.

ஏரிகளின் நாடு

காஞ்சிபுரம் பட்டுக்கும் கோயில்களுக்கும் பெயர்பெற்ற நகரம். அதனைச் சூழ்ந்த நாட்டுப்புறமோ ஏரிகளால் வாழ்வது. பாலாறு, செய்யாறு, வேகவதி ஆகியவை இப்பகுதியின் ஆறுகள். எனினும், பாலாற்றில் ஆண்டின் பெரும்பகுதி மணலையே காணமுடியும். ஆண்டுக்கு ஏறத்தாழ 1200 மி.மீ. அளவில் பெய்யும் மழையில் பெரும்பங்கு வடகிழக்குப் பருவக்காற்றால் சில வாரங்களிலேயே கொட்டித் தீர்ந்துவிடும். அந்நீரைத் தேக்கி வைத்தால்தான் பின்வரும் மாதங்களில் பயிர் பிழைக்கும். ஆதலால், முன்னோர் நிலத்தின் மெல்லிய சரிவைக் கண்டறிந்து, அதற்குக் குறுக்கே கரை எழுப்பி ஏரிகளை அமைத்தனர். மேலேரி நிரம்பிக் கலங்கல் வழியே வழியும் நீர் கீழேரியைச் சென்றடையுமாறு அவை சங்கிலித் தொடராகப் பிணைக்கப்பட்டன.

ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்த கூரம் செப்பேடு, பரமேசுவர தடாகம் என்னும் ஏரியையும் பாலாற்றிலிருந்து அதற்கு நீர் கொணர்ந்த வாய்க்காலையும் குறிப்பிடுகிறது. முதற் பராந்தக சோழனின் காலத்தில், கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் ஏரி வாரியம் என்னும் தனிக் குழுவைக் கூறுகின்றன. ஏரியைக் காத்தல் ஊராட்சியின் கடமையாக இருந்தது.

சொர்ணவாரி, சம்பா, நவரை எனக் காஞ்சிப் பகுதியின் நெற்பருவங்கள் மூன்று. இவற்றுள் எப்பருவத்தில் எவ்வளவு நிலத்தில் நடவு நடைபெறும் என்பதை ஏரியில் நிற்கும் நீரே முடிவு செய்கிறது.

அளந்து எழுதிய நாள்கள்

நிலத்தை அளந்து பதிவு செய்யும் மரபும் இம்மண்ணில் நீண்டதே. முதலாம் இராசராசனின் ஆட்சியில் சோழநாட்டு நிலங்கள் விரிவாக அளக்கப்பட்டன. ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி செங்கல்பட்டுப் பகுதியை ஆர்க்காட்டு நவாபிடமிருந்து 1763இல் பெற்றது. தாமஸ் பர்னார்டு என்னும் பொறியாளர் 1767 முதல் 1774 வரை அப்பகுதியின் ஏறத்தாழ இரண்டாயிரம் ஊர்களை அளந்தார். ஒவ்வோர் ஊரிலும் உள்ள நன்செய், புன்செய், ஏரி, தோப்பு, தரிசு ஆகியவற்றின் பரப்பு தனித்தனியே எழுதப்பட்டது. இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் காஞ்சியைச் சூழ்ந்த ஊர்களின் நிலம் எவ்வாறு பயன்பட்டது என்பதை இன்று அறிய அக்கணக்குகள் துணைபுரிகின்றன.

தெரியுமா?
இந்திய நில அளவைத் துறையும் 1767ஆம் ஆண்டிலேயே தொடங்கப்பட்டது. இந்தியாவின் மாபெரும் முக்கோண நில அளவைப் பணியை வில்லியம் லாம்டன் 1802ஆம் ஆண்டு ஏப்ரல் 10ஆம் நாள் சென்னைப் பரங்கிமலையை அடுத்த சமவெளியில் தொடங்கினார்.

வரைபடம் கணினிக்குள் புகுந்தது

தாளில் வரைந்த படங்களுக்கு ஒரு குறை உண்டு. மண் வகையை ஒரு படமும், சரிவை ஒரு படமும், நீர்நிலைகளை வேறொரு படமும் காட்டும். மூன்றையும் ஒருங்கே நோக்க வேண்டுமாயின், ஒளி ஊடுருவும் தாள்களில் அவற்றை வரைந்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பார்க்க வேண்டும். இயான் மெக்கார்க் 1969இல் வெளியிட்ட நூலில் இம்முறையைப் பரவலாக அறியச் செய்தார்.

கனடா நாடு தன் பரந்த நிலப்பரப்பில் வேளாண்மைக்கும் காட்டுக்கும் ஏற்ற நிலங்களைக் கணக்கிட விரும்பியது. அப்பணி கையால் செய்து முடிக்க இயலாத அளவுக்குப் பெரிது. ஆகவே, ரோஜர் டாம்லின்சன் 1960களில் வரைபடங்களைக் கணினியில் சேமித்து ஒப்பிடும் முறையை உருவாக்கினார். ஜி.ஐ.எஸ். எனப்படும் புவித்தகவல் அமைப்பு இவ்வாறு பிறந்தது. நிலத்தின் தகுதியை அறியும் தேவையே இக்கருவியின் தாய் என்பது நினைவில் கொள்ளத்தக்கது.

இந்தியா தன் முதல் முழுப் பயன்பாட்டுத் தொலையுணர்வுச் செயற்கைக்கோளான ஐ.ஆர்.எஸ்.-1ஏ என்பதை 1988 மார்ச் 17இல் விண்ணில் செலுத்தியது. செயற்கைக்கோளின் உணரி கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு ஒளியையும் பதிவு செய்கிறது. செழித்த பயிர் அவ்வொளியை மிகுதியாகத் திருப்பி அனுப்பும். நீரோ அதனை உட்கொண்டு இருண்டு தோன்றும். எனவே, ஏரியின் நீர்ப்பரப்பும் வயலின் பசுமையும் படத்தில் தெளிவாகப் பிரிந்து தெரிகின்றன. சம்பாப் பருவத்தில் மேகம் வானத்தை மூடுவதுண்டு. அப்போது 2012இல் ஏவப்பட்ட ரிசாட்-1 போன்ற ரேடார் செயற்கைக்கோள்கள் மேகத்தை ஊடுருவிப் படமெடுத்தன.

தகுதி என்றால் என்ன?

ஐக்கிய நாடுகளின் உணவு மற்றும் வேளாண்மை அமைப்பு 1976இல் நில மதிப்பீட்டிற்கான ஒரு சட்டகத்தை வெளியிட்டது. அதன்படி நிலங்கள் மிகு தகுதி, நடுத்தரத் தகுதி, குறை தகுதி, தற்போது தகாதவை, நிலையாகத் தகாதவை என ஐந்து வகுப்புகளாகப் பிரிக்கப்படுகின்றன. ‘நல்ல நிலம்’ என்று பொதுவாகக் கூறுவதை அச்சட்டகம் ஏற்பதில்லை. எந்தப் பயிருக்கு, எந்த முறையில் பயிரிட நல்ல நிலம் என்பதே அதன் வினா.

நெல்லுக்கு ஏறத்தாழ 1100 முதல் 1250 மி.மீ. நீர் தேவை. நீரைக் கசியவிடாத களிமண்ணும் சமதளமும் அதற்கு ஏற்றவை. கேழ்வரகுக்கோ ஏறத்தாழ 350 மி.மீ. நீர் போதும், நீர் தேங்கினால் அது வாடும், வடிகால் நன்கமைந்த செம்மண்ணில் செழிக்கும். மக்காச்சோளத்திற்கு ஏறத்தாழ 500 மி.மீ. நீர் வேண்டும், வேர்ப்பகுதியில் நீர் நிற்பதை அதுவும் தாங்காது. ஆகவே, நெல்லுக்கு மிகு தகுதி பெற்ற வயல் கேழ்வரகுக்குக் குறை தகுதியுடையதாக அமையலாம். இதன் மறுதலையும் உண்மையே.

அடுக்குகளை இணைத்தல்

காஞ்சி நெசவாளர் புட்டாவை முதலில் கட்டங்கள் இட்ட தாளில் வரைவர். எந்தக் கட்டத்தில் எந்த நிறம் என்பது அதில் குறிக்கப்படும். புவித்தகவல் அமைப்பும் நிலத்தை இத்தகைய கட்டங்களாகவே பிரிக்கிறது. ஒவ்வொரு கட்டத்திற்கும் மண், சரிவு, நீர், உவர்த்தன்மை என ஒவ்வோர் அடுக்கிலும் ஒரு மதிப்பெண் இருக்கும்.

மண் பற்றிய தரவுகள் நாகபுரியில் உள்ள தேசிய மண்வள ஆய்வு மற்றும் நிலப் பயன்பாட்டுத் திட்டமிடல் பணியகத்தின் படங்களிலிருந்தும், 2015இல் தொடங்கப்பட்ட மண்வள அட்டைத் திட்டத்தின் ஆய்வுகளிலிருந்தும் பெறப்படுகின்றன. சரிவு, செயற்கைக்கோள் தரும் உயரத் தரவிலிருந்து கணிக்கப்படுகிறது. புல எண்ணும் எல்லையும் வருவாய்த்துறையின் புலப்படங்களில் உள்ளன. கியூ.ஜி.ஐ.எஸ். போன்ற விலையில்லா மென்பொருள்களைக் கொண்டு இவற்றை இணைக்கலாம்.

எல்லாக் காரணிகளும் ஒரே அளவு இன்றியமையாதவை அல்ல. ஆகவே, ஒவ்வொன்றிற்கும் ஓர் எடை வழங்கப்படுகிறது. காரணிகளை இரண்டிரண்டாக ஒப்பிட்டு எடை காணும் முறையைத் தாமஸ் சாட்டி என்னும் கணித அறிஞர் வகுத்தார்.

கணக்கீட்டை விளக்க, கற்பனையாக ஓர் ஏரிக்கரை ஊரை எண்ணிக்கொள்வோம். சம்பா நெல்லுக்கு நீர்வசதியின் எடை 0.4, மண்ணின் இழைநயம் 0.3, சரிவு 0.2, மண்ணின் வேதித்தன்மை 0.1 எனக் கொள்வோம். மதிப்பெண்கள் 1 முதல் 4 வரை அமையும். மொத்தம் 3.5உம் அதற்கு மேலும் பெற்றால் மிகு தகுதி, 2.5 முதல் 3.5க்குள் நடுத்தரத் தகுதி, 1.5 முதல் 2.5க்குள் குறை தகுதி, 1.5க்குக் கீழ் தகாதது.

தலைமடை வயல்: நீர் 4, இழைநயம் 4, சரிவு 4, வேதித்தன்மை 2. மொத்தம் 1.6 + 1.2 + 0.8 + 0.2 = 3.8. மிகு தகுதி.

கடைமடை வயல்: நீர் 2, இழைநயம் 3, சரிவு 4, வேதித்தன்மை 4. மொத்தம் 0.8 + 0.9 + 0.8 + 0.4 = 2.9. நடுத்தரத் தகுதி.

செம்மண் மேட்டு நிலம்: நீர் 1, இழைநயம் 2, சரிவு 2, வேதித்தன்மை 4. மொத்தம் 0.4 + 0.6 + 0.4 + 0.4 = 1.8. குறை தகுதி.

இனி, அதே மேட்டு நிலத்தைக் கேழ்வரகின் தேவையைக் கொண்டு மதிப்பிடுவோம். ஒப்பிட எளிதாக எடைகளை மாற்றாது கொண்டால், நீர் 4, இழைநயம் 4, சரிவு 3, வேதித்தன்மை 4 எனப் பெறலாம். மொத்தம் 1.6 + 1.2 + 0.6 + 0.4 = 3.8. நெல்லுக்குத் தலைமடை வயல் பெற்ற மதிப்பெண்ணையே கேழ்வரகுக்கு மேட்டு நிலம் பெற்றுவிட்டது. பயிர் மாறியதால் நிலத்தின் தகுதியும் மாறியது.

கூட்டுத்தொகை மறைப்பது

இம்முறையில் ஒரு கண்ணி உண்டு. நீரும் இழைநயமும் சரிவும் 4 பெற்று, கடும் உவர்ப்பினால் வேதித்தன்மை 1 மட்டும் பெற்ற வயலுக்கு 1.6 + 1.2 + 0.8 + 0.1 = 3.7 கிடைக்கும். வரைபடம் அதனை மிகு தகுதியாகக் காட்டும். அங்கு நடும் நாற்றோ உவரில் கருகும். மண்ணின் உப்பு ஓர் எல்லையைக் கடந்தால் நெல் விளைச்சல் குறையத் தொடங்கும். மற்றவை எவ்வளவு சிறந்திருந்தாலும் அக்குறையை ஈடுசெய்ய இயலாது. பீப்பாயில் உள்ள பலகைகளுள் மிகக் குட்டையானது வரைதான் நீர் நிற்கும். அதுபோல, மிகக் குறைந்த காரணியே விளைச்சலின் வரம்பாகிறது. எனவே, ஏதேனும் ஒரு காரணியில் 1 பெற்ற கட்டங்களைத் தனியே குறித்து ஆராய்தல் வேண்டும்.

படத்தின் அளவுக்கும் எல்லை உண்டு. பத்து மீட்டர் பக்கமுள்ள செயற்கைக்கோள் கட்டம் ஒன்று ஏறத்தாழ இரண்டரை சென்ட் நிலத்தைக் குறிக்கும். முப்பது மீட்டர் பக்கமுள்ள கட்டம் ஏறத்தாழ 22 சென்ட். 1:50,000 அளவிலான மண் படத்தில் அரை ஏக்கர் வயல் ஒரு மில்லிமீட்டர் பக்கத்தைக்கூட எட்டாது. அத்தகைய படத்தைக் கொண்டு வட்டத்திற்குத் திட்டமிடலாம். ஓர் உழவரின் வயலுக்கு அறிவுரை கூற இயலாது.

ஏரி கற்பிக்கும் பாடம்

மேற்கண்ட கணக்கிற்குத் திரும்புவோம். ஏரியில் தூர் படிந்து, வரத்துக்கால்வாய் அடைபட்டு, மதகு பழுதுற்றதாகக் கொள்வோம். தலைமடை வயலின் மண் மாறவில்லை; சரிவு மாறவில்லை. நீர்வசதி மட்டும் 4இலிருந்து 2ஆகக் குறைந்தது. மொத்தம் 3.8இலிருந்து 3.0ஆகிறது. மிகு தகுதி நடுத்தரத் தகுதியாக இறங்கிவிடுகிறது.

இங்குத்தான் காஞ்சி நிலத்தின் தனித்தன்மை விளங்குகிறது. மண்ணையும் மழையையும் மட்டும் கொண்டு வரையப்படும் படத்தில் ஏரிக்கு இடமில்லை. அப்படம் ஆயக்கட்டு வயலையும் மானாவாரி நிலத்தையும் ஒன்றெனக் காட்டிவிடும். காஞ்சியில் நெல் நிலத்தின் தகுதி வயலுக்குள் மட்டும் இல்லை. வயலுக்கு வெளியே உள்ள கரையிலும் மதகிலும் கால்வாயிலும் இருக்கிறது. இயற்கை தந்த தகுதியோடு மனிதர் தேடிக்கொண்ட தகுதியும் அதில் கலந்துள்ளது.

உணவு மற்றும் வேளாண்மை அமைப்பின் சட்டகம் நிகழ்காலத் தகுதி, உள்ளுறை தகுதி என இரண்டை வேறுபடுத்துகிறது. தூர்ந்த ஏரியின் கீழுள்ள வயலுக்கு நிகழ்காலத் தகுதி நடுத்தரமே. ஏரியைச் சீர்படுத்தினால் அடையக்கூடிய உள்ளுறை தகுதியோ மிகுதி. இரண்டையும் இரு படங்களாக வரைந்து ஒப்பிட்டால், எந்த ஏரியை முதலில் தூர்வார வேண்டும் என்னும் வினாவிற்கு விடை கிடைக்கும். உத்திரமேரூரின் ஏரி வாரியம் ஆண்டுதோறும் எண்ணிய கவலையும் இதுவே எனலாம்.

களத்தில் சரிபார்த்தல்

கணினி தரும் படம் ஆய்வின் முடிவன்று. புவியிடங்காட்டியுடன் களத்திற்குச் சென்று, ஒவ்வொரு வகுப்பிலும் சில வயல்களைத் தேர்ந்து, மண்ணைத் தோண்டிப் பார்த்து, விளைச்சலைக் கேட்டறிந்து படத்துடன் ஒப்பிட வேண்டும். கிராம நிர்வாக அலுவலரின் அடங்கலில் எந்தப் புல எண்ணில் எப்பருவத்தில் எது விளைந்தது என்னும் பதிவு இருக்கும். ஏரி நீரைப் பகிர்ந்துவிடும் நீர்க்கட்டிக்குக் கடைமடைக்கு நீர் எந்நாளில் சேரும், எந்த ஆண்டில் சேராது என்பது தெரியும். எந்தச் செயற்கைக்கோளும் அதனை நேரே காட்டாது. நீர்வசதிக்கு வழங்க வேண்டிய மதிப்பெண்ணை அவரிடம் கேட்டறிதலே முறை.

மீளா நிலம்

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பகுதிகளில் தொழிற்சாலைகள் பெருகின. அவை பல குடும்பங்களுக்கு வாழ்வளித்தன. நகரமும் சாலைகளும் விரிவதைத் தவிர்க்க இயலாது. ஆயினும், எந்த நிலத்தில் கட்டுவது என்பது தேர்ந்து முடிவு செய்யத்தக்கது. தரிசாகக் கிடக்கும் மேட்டு நிலத்தை வீடாக்குவதும், மூன்று பருவம் விளைந்த ஆயக்கட்டு வயலை வீடாக்குவதும் ஒன்றல்ல. கட்டடம் எழுந்த களிமண் வயல் மீண்டும் நெல் நிலமாவது அரிது. வரத்துக்கால்வாயில் எழும் ஒரு சுவர், அதன் கீழுள்ள ஏரியையும் அவ்வேரியை நம்பிய வயல்கள் அனைத்தையும் ஒரு வகுப்பு கீழே தள்ளிவிடும்.

நிலத்தகுதி வரைபடம் இவ்விழப்பை முன்கூட்டியே கண்முன் நிறுத்துகிறது. காக்க வேண்டிய வயல் எது, சிறுதானியத்திற்கு மாறத்தக்க மேடு எது, பிற பயன்களுக்கு விடத்தக்க தரிசு எது என்பதைச் சான்றுடன் பேச அது ஊருக்கு உதவுகிறது. எதற்கு எவ்வளவு எடை என்பதை மட்டும் கருவி முடிவு செய்யாது. அதனை முடிவு செய்யும் பொறுப்பு மனிதருடையது. அப்பொறுப்பு, ஏரிக்கு ஒரு வாரியம் அமைத்த ஊரினர்க்குப் பழக்கமானதே.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரின் நீர்நிலை ஒன்றைத் தேர்ந்து, அதன் வரத்துக்கால்வாய், கரை, மதகு, கலங்கல், ஆயக்கட்டு ஆகியவற்றைக் குறித்து ஒரு வரைபடம் வரைக.
2. உங்கள் பகுதி உழவர் ஒருவரிடம் அவர் நிலத்திற்கு ஏற்ற தானியங்களைப் பற்றி உரையாடி, அவர் கூறும் காரணங்களைத் தொகுத்து வகுப்பில் வழங்குக.

மதிப்பீடு

பலவுள் தெரிக

1. நிலத்தகுதி மதிப்பீட்டுச் சட்டகம் வெளியிடப்பட்ட ஆண்டு
அ) 1767 ஆ) 1802 இ) 1976 ஈ) 1988

2. பொருத்தமான இணையைத் தேர்க.
அ) கூரம் செப்பேடு – ஏரி வாரியம்
ஆ) உத்திரமேரூர்க் கல்வெட்டு – பரமேசுவர தடாகம்
இ) ரோஜர் டாம்லின்சன் – புவித்தகவல் அமைப்பு
ஈ) தாமஸ் பர்னார்டு – முக்கோண நில அளவை

குறுவினா

1. காஞ்சிப் பகுதியின் நெற்பருவங்களைக் குறிப்பிடுக.
2. செயற்கைக்கோள் படத்தில் நீர்ப்பரப்பு இருண்டு தோன்றுவது ஏன்?

சிறுவினா

1. நிகழ்காலத் தகுதி, உள்ளுறை தகுதி – வேறுபடுத்துக.
2. ‘கூட்டுத்தொகை மறைப்பது’ என்னும் தலைப்பில் கூறப்படும் கருத்தை எடுத்துக்காட்டுடன் விளக்குக.
3. கடைமடை வயலின் நீர்வசதி 2இலிருந்து 4ஆக உயர்ந்தால், அவ்வயலின் மொத்த மதிப்பெண்ணையும் தகுதி வகுப்பையும் கணக்கிட்டுக் காட்டுக.

நெடுவினா

1. ‘காஞ்சியில் நெல் நிலத்தின் தகுதி வயலுக்குள் மட்டும் இல்லை’ – இக்கூற்றைக் கட்டுரைவழி நின்று நிறுவுக.